விற்கிற சாமான் மேல் ‘இல்லை’ என்று எழுதினேன்

இன்றைக்கும் ஏதாவது ஒரு கம்பெனியின் இணையதளத்தைத் திறந்ததும், அது முதல் பக்கத்திலேயே இரண்டு கை கூப்பிக்கொண்டு ‘வருக வருக’ என்று நின்றால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். நான் என்ன உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கா வந்தேன்? சாமான் என்ன, எதற்கு ஆகும், எதற்கு ஆகாது, எத்தனை நாளில் கைக்கு வரும் என்று பார்க்க வந்தேன். அதைச் சொல்லு முதலில். உன் தாத்தா படத்தைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். நான் இப்படிச் சத்தம் போட்டால் என் வீட்டுக்காரர், “ஏன் அந்தப் பெட்டியப் பாத்து ஏசுத? அதுக்குக் காதா கேக்கும்?” என்பார். கேட்காதுதான். நான் ஏசுவது அதை இல்லை.

யாரை ஏசுகிறேன் என்று சொல்ல வேண்டுமானால் எண்பதுகளின் நடுவுக்குப் போக வேண்டும். அப்போதுதான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் பஸ் ஏறிப் போய்விட்டுச் சாயங்காலம் பஸ் ஏறித் திரும்புவேன். சுற்றியிருக்கிற ஊர்களில் தறியில் நெய்த துணி எங்களிடம் வரும். அதை வெளுத்து, காயப்போட்டு, வெட்டி, மடித்து, கட்டி அனுப்புவோம். வெளுக்கிற மருந்தின் நெடி தலைமுடியில் ஏறிக்கொண்டால் சீயக்காய் போட்டாலும் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்கிற பெண்கள் மோந்து பார்த்துவிட்டு, “பேண்டேஜ் கம்பெனியாக்கா?” என்பார்கள்.

என் வேலை கடிதம். வருகிற கடிதங்களைப் பிரித்து அடுக்குவேன். முதலாளி பதில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்து ஆங்கிலத்தில் தட்டெழுத்து அடிப்பேன். முதலாளி சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவார். நான் திருத்துவது ஊதா மையில். அந்த ஊதா மைப் பேனா என் அப்பா வாங்கித் தந்தது. அதை வேறு யாரும் தொட விடமாட்டேன். திருத்தி வீணான தாள்களைக் குப்பையில் போட மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுவருவேன். நானும் என் தங்கையும் அதை அடுப்படித் தட்டுகளில் விரித்து, மேலே டப்பாக்களை அடுக்குவோம்.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது. ஸ்டாக் தீர்ந்துபோனால் “வரணும்” என்று சொல்ல வேண்டும். ஆள் லீவு என்றால் “நாளைக்கு இருப்பாக.” முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அரிசி காலியானால்கூட ‘நிறைந்துவிட்டது’ என்றுதான் அவர்கள் பாஷையில் சொல்வார்களாம். அதிலே எனக்குக் குற்றம் தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் உப்பு இல்லை என்று யாராவது சொன்னால் அம்மா வாயிலேயே ஒன்று போடுவாள். வியாபாரம் செய்கிற இடத்தில் நல்ல வார்த்தை புழங்கட்டுமே என்று நானும் நாக்கைப் பழக்கிக்கொண்டேன். வாய்ப் பேச்சோடு நின்றிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

நான் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதுவரைக்கும் கம்பெனி துணியைப் பெரிய பெரிய சுருளாகத்தான் விற்றது. ஆஸ்பத்திரிக்காரர்கள் வாங்கி, வெட்டி, டிரம்மில் அடைத்து, ஆவியில் வைத்துக் கிருமி நீக்கிக்கொள்வார்கள். முதலாளிக்குப் புதிதாக ஒரு யோசனை வந்தது. துணியைச் சின்னச் சின்னச் சதுரமாக மடித்து, பத்துப் பத்தாகக் கவரில் போட்டு, சூடு வைத்து ஒட்டி விற்பது. பெரிய ஊர்க் கம்பெனிகள் அப்படித்தான் விற்றன. ஆனால் அவர்கள் கிருமி நீக்கி ஒட்டினார்கள். நாங்கள் சும்மா ஒட்டினோம். கிருமி நீக்குகிற மெஷின் எங்களிடம் கிடையாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

மதுரையில் எங்களிடம் மொத்தமாக வாங்குகிற வியாபாரி ஒருவர் மாதிரிக் கவரைப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதியிருந்தார். ஒட்டிய கவர் என்பதால் அப்படியே பிரித்துக் காயத்தில் வைத்துவிடுவார்கள், கவர் மேல் எச்சரிக்கை போட்டுவிடுங்கள் என்று. எனக்கு நியாயமாகப் பட்டது. லேபிளுக்கு வாசகம் அடிக்கும்போது அதைச் சேர்த்தேன். ஆங்கிலத்தில் அடித்ததைத் தமிழில் சொன்னால் இதுதான்: ‘இந்தத் துணி கிருமி நீக்கப்பட்டது இல்லை. கிருமி நீக்கிய பிறகே காயத்தில் வைக்கவும்.’

முதலாளி தாளை வாங்கி மேலிருந்து படித்தார். குலதெய்வம் பெயர் சரி. அவருடைய அப்பா பெயர் சரி. ‘பாரம்பரியமிக்க’ சரி. அந்த வரிக்கு வந்ததும் முகம் சுருங்கிவிட்டது.

“ஏம்மா, விக்கிற சாமான் மேலயே இல்லைன்னு எழுதுனா வெளங்குமா? எடுத்துரு.”

“மதுரைக்காரங்கதான் சொல்லியிருக்காங்க, மொதலாளி.”

“அவிய சொன்னா அவிய சாமான்ல எழுதிக்கிடட்டும். ஆஸ்பத்திரிக்காரனுக்குத் தெரியாதா? எடு அத.”

நான் ஊதாப் பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டேன். திரும்பப் புதிதாக அடித்துக் கொடுத்தேன். அச்சாகி வந்துவிட்டது. இதற்கெல்லாம் ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

என் தங்கை அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். படித்த நர்ஸ் கிடையாது. பிளஸ் டூ முடித்துவிட்டு அங்கேயே சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். ஆனால் அவள் ஊசி போட்டால் குழந்தைகள் அழாது. வருகிறவர்கள் டாக்டரைக் கேட்பதற்கு முன்னால் “அந்தப் பிள்ள இருக்கா?” என்றுதான் கேட்பார்கள். மெட்ராஸுக்குப் போய் முறையாக நர்சிங் படிக்க வேண்டும் என்று விண்ணப்பம் எல்லாம் வாங்கி வைத்திருந்தாள்.

எங்கள் கம்பெனியின் ஒட்டிய கவர் அந்த ஆஸ்பத்திரிக்கும் போனது. பக்கத்து ஊர் தேவதானத்திலிருந்து ஒருவர் கால் பெருவிரலில் அரிவாள் பட்டு வந்திருந்தார். டாக்டர் தையல் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். தங்கை கவரைப் பிரித்து, துணியை எடுத்து, அப்படியே காயத்தின் மேல் வைத்துக் கட்டினாள். அடுத்தடுத்த நாளும் கட்டை அவிழ்த்து அதே கவர்த் துணியைத்தான் மாற்றினாள். ஒட்டிய கவரை அவள் எதற்குச் சந்தேகப்பட வேண்டும்? முன்னால் வந்த ஒட்டிய கவர் எல்லாம் அப்படியே வைக்கிறதுதானே? அந்த மனிதருக்குக் காயம் சீழ்பிடித்து, காய்ச்சல் கண்டு, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே விரலை எடுத்துவிட்டார்கள்.

டாக்டர் கவரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாராம். கவரில் எச்சரிக்கை ஒன்றும் இல்லை. ஆகக்கூடிப் பழி யார் தலையில் விழும்? “படிக்காத கழுதைய வேலைக்கு வச்சேன் பாரு” என்று நோயாளிகள் எல்லோரும் பார்க்க அவளை வெளியே அனுப்பினார். ஊருக்குள் பேச்சுப் பரவிவிட்டது. வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் அவளைச் சேர்க்கவில்லை. வாங்கி வைத்திருந்த விண்ணப்பத்தை அவள் நிரப்பவே இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், தேவதானம் போகிற பஸ் நிற்கிற பக்கம்கூட அவள் போகமாட்டாள். அந்த மனிதர் இறங்கி வந்து எதிரே நின்றால் என்ன செய்வது என்ற பயம்.

அன்றைக்கு வீட்டில் அழுதுகொண்டே என்னைக் கேட்டாள். “உங்க கம்பெனி கவருதானக்கா. ஒரு வார்த்த போட்டிருக்கக் கூடாதா?”

“மொதலாளி போடவே விடலட்டி. நான் சொன்னேன், அவரு கேக்கல” என்றேன்.

அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அந்த வரியை நான் டைப் அடித்தது, பிறகு என் கையாலேயே அதன்மேல் கோடு போட்டது, இரண்டையும் நான் சொல்லவில்லை. மறுநாள் ஆபீசுக்குப் போனேன். லேபிள் வாசகத்தை இப்போதாவது மாற்றலாம் என்று வாயைத் திறக்கவும் இல்லை. வாயில் கொழுக்கட்டையா இருந்தது எனக்கு? வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான், அப்பா இறந்து வருஷம் திரும்பவில்லை, வீட்டில் ஒரு சம்பளம் போய்விட்டது, இன்னொன்றும் போனால் என்ன செய்வது என்று காரணம் மட்டும் வரிசையாக வைத்திருந்தேன்.

பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. நான் டைப்பிஸ்டாக இருந்து ஆபீஸ் முழுவதையும் பார்க்கிறவள் ஆனேன். தட்டெழுத்து மெஷின் போய் கம்ப்யூட்டர் வந்தது. ஒட்டிய கவர் நன்றாக விற்றது. வரி இல்லாமலே விற்றது. இன்னும் எத்தனை ஆஸ்பத்திரியில் எத்தனை பெண்கள் அந்தக் கவரை நம்பிப் பிரித்தார்களோ, எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பெட்டி லாரியில் ஏறும்போதும் எனக்கு அந்த வரி ஞாபகத்துக்கு வரும். வந்து என்ன? பெட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் முதலாளியின் மருமகன் வியாபாரத்துக்குள் வந்தார். ஆபீசில் எல்லோரும் மாப்பிள்ளை என்போம். வெளிநாட்டு ஆர்டர் பிடிக்க வெப்சைட் வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். மதுரையிலிருந்து ஓர் ஆள் வந்தார். பக்கம் கட்டுவது அவர் வேலை, பக்கத்தில் என்ன எழுத வேண்டும் என்று கொடுப்பது எங்கள் வேலை. மாப்பிள்ளை என் பக்கம் கையைக் காட்டினார்.

எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பன்னிரண்டு வருஷமாக உலகத்துக் கடிதத்தை எல்லாம் பிரித்தவள் நான். வாங்க வருகிறவன் என்ன கேட்பான் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? இழை எத்தனை, அகலம் எத்தனை, கிருமி நீக்கியதா, பெட்டிக்கு எத்தனை, எப்போது அனுப்புவீர்கள். சுற்றிச் சுற்றி இவ்வளவுதான். கேரளாவிலிருந்து எழுதினாலும் இதுதான், கப்பல் ஏறி வந்த கடிதத்திலும் இதுதான். வாங்க வருகிறவர்கள் எங்கள் ஆபீசில் கவரைக் கையில் எடுத்தால் எப்படிப் படிப்பார்கள் என்றும் பார்த்திருக்கிறேன். ஒருத்தரும் மேலிருந்து படிக்கமாட்டார்கள். கட்டைவிரலால் தடவிக்கொண்டே போவார்கள், வேண்டியது தட்டுப்பட்ட இடத்தில் விரல் நிற்கும். தட்டுப்படாவிட்டால் கவரைக் கீழே வைத்துவிடுவார்கள். கம்ப்யூட்டரில் படிக்கிறவனும் அதே மனிதன்தானே.

ஒரே வாரத்தில் எழுதி முடித்தேன். கேள்வி எந்த வரிசையில் வருமோ அந்த வரிசையில் பதில். சின்னச் சின்ன வாக்கியம். ‘உலகத் தரம்’, ‘தன்னிகரற்ற’ ஒன்றும் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, முதலில், அந்த வரி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அடித்த அதே வரி. இந்தத் தடவை இதை யார் சொன்னாலும் எடுக்கமாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் தாள் முதலாளி வீட்டுக்குப் போய்வந்தது. வந்த தாளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். உச்சியில் சாமி துணை. அதற்குக் கீழே மாலை போட்ட முதலாளியின் அப்பா. அதற்குக் கீழே முதலாளி, அவர் வீட்டம்மா, மூத்த மகன், இளைய மகன், மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள், எல்லோருடைய படமும் பெயரும். கடைசியில் ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்று ஒரு பட்டியல். பத்திரிகை! சாட்சாத் கல்யாணப் பத்திரிகை. தேதியும் மண்டபமும்தான் பாக்கி. மூத்த மகன் பெயரும் மாப்பிள்ளை பெயரும் ஒரே வரியில் வரலாமா, ஒன்றன்கீழ் ஒன்றா என்று வீட்டுக்குள் ஒரு சண்டை. முதலாளியின் தம்பி பெயர் விட்டுப்போனதால் அவர் பத்து நாள் கம்பெனிக்கே வரவில்லை. நான் எழுதியதெல்லாம் பேரப்பிள்ளைகளுக்குக் கீழே, அடிக்குறிப்பு மாதிரிக் கிடந்தது. அந்த வரியின் மேல் சிவப்பு மையில் பெரிய கேள்விக்குறி.

மாப்பிள்ளையிடம் போய் நின்றேன்.

“சார், சாமான் வாங்க வருதவன் உங்க பேரனப் பாத்து என்ன செய்யப்போறான்? காயத்துக்கு வைக்கிற துணி சார் இது.”

“எனக்குத் தெரியாதாக்கா? மாமா கேக்கணும்ல. பேரன் படத்த எடுத்தா அத்தை எங்க வீட்டுக்காரிய ஒரு வழி பண்ணிருவாக.”

“பேரன் இருக்கட்டும் சார். அந்த ஒரு வரி?”

“அத மாமாகிட்டயே கேளுங்கக்கா” என்று தாளை அவர் மேஜைக்கு அனுப்பிவிட்டார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மனிதர்.

பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். கோபமாகக்கூட இல்லை, பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரிச் சொன்னார். “ஏம்மா, உனக்கு எம்புட்டு நாளாச்சு இங்க? நம்ம வழக்கம் தெரியாதா? உலகமே பாக்கப்போற பக்கத்துல மொத வார்த்தையே இல்லைன்னு வைக்கலாமா? நீயே அடிச்சுக் குடு.”

பேனாவை எடுத்து நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. “தாள் கசங்கிப்போச்சு மொதலாளி, புதுசா அடிச்சுக் குடுத்துருதேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

புதிதாகத்தான் அடித்தேன். அவர்கள் கேட்ட சாமி, அப்பா, பேரப்பிள்ளைகள், நல்வரவு, எல்லாவற்றையும் அடித்தேன். அந்த வரியையும் அடித்தேன். ஃபிளாப்பியில் போட்டு மதுரைக்காரர் கையில் கொடுத்து, “இந்த ஒரு வரி மட்டும் எல்லாத்துக்கும் மேல, பெருசா, சேப்புல வரணும் தம்பி” என்றேன். அவர் சரிக்கா என்று பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு எது மேலே இருந்தால் என்ன? நல்ல நேரத்துக்கு முன்னால் பக்கத்தைத் திறந்து பார்க்கக் கூடாது என்று முதலாளி வீட்டு அம்மா சொல்லிவிட்டதால், யாரும் பார்க்கவும் இல்லை.

திறப்பு விழா நாளில் ஆபீசுக்கே கல்யாணக் களை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தது. மேலே ஒரு முழம் பூ. பட்டுச்சேலைகள், வேட்டிகள், கோபித்துக்கொண்ட தம்பியும் வந்துவிட்டார். எல்லோருக்கும் பால்கோவா. மதுரைக்காரர் டெலிபோன் ஒயரைச் செருகினார். கீச்சுக்கீச்சென்று கொஞ்ச நேரம் கத்திவிட்டு லைன் கிடைத்தது. முதலாளி கும்பிட்டுவிட்டு ஒற்றை விரலால் பட்டனை அமுக்கினார்.

அந்தக் காலத்து இன்டர்நெட் எப்படி வரும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். படம் லேசில் வராது. எழுத்துதான் முதலில் வரும். சாமி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். அப்பா இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் வரிசையாகக் கட்டம், அடியில் பொடி எழுத்தில் பெயர்கள். நடுவில், உச்சியில், சிவப்பாக, பெரிதாக, தன்னந்தனியாக என் வரி மட்டும் நின்றது. ‘இந்தத் துணி கிருமி நீக்கப்பட்டது இல்லை.’

ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பேரன் ஒருவன் அதைச் சத்தமாகப் படித்து, அவன் அப்பாவிடம் அர்த்தமும் கேட்டான்.

“யாரு போட்டது இத?” என்றார் முதலாளி.

“நான்தான்.”

“நல்ல நேரத்துல… ஏம்மா, உனக்கு என்ன கேடு வந்துச்சு?”

அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். “கேடு எனக்கு வரல. என் தங்கச்சிக்கு வந்துச்சு. தேவதானத்துக்காரரு ஒருத்தரு காலுக்கு வந்துச்சு. உங்க கவர நம்பிப் பிரிச்சு வச்சா அவ. அன்னைக்கு லேபிள்ல இந்த வரி இருந்திருந்தா அந்த மனுசன் வெரலு இருந்திருக்கும், அவ இன்னைக்கு நர்ஸா இருந்திருப்பா. நீங்க எடுக்கச் சொன்னீங்க!”

முதலாளி என்னையே பார்த்தார். அவர் முகத்தில் கோபத்தைக்கூடக் காணவில்லை.

“எந்த லேபிள்?” என்றார்.

சத்தியமாக அவருக்கு ஞாபகம் இல்லை. நடிக்கவில்லை. இரண்டு குடும்பத்தைக் கவிழ்த்துப்போட்ட ஐந்து நிமிஷம் அவர் மனதில் ஒரு கீறல்கூடப் போடாமல் போயிருக்கிறது. அதுதான் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“இத்தன வருசமா மனசுல இத வச்சுக்கிட்டா என் சோத்தத் தின்ன?” என்றார் பிறகு.

“உங்க சோறு இல்ல மொதலாளி. நான் டைப் அடிச்ச சோறு” என்றேன்.

மாப்பிள்ளை மெதுவாக, “அது இருக்கட்டும் மாமா, வெளிநாட்டுக்காரன் எப்படியும் கேப்பான்” என்றார். முதலாளி திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். அதற்குள் முதலாளியின் அப்பா படம் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கி நெற்றி வரைக்கும் வந்திருந்தது. லைன் அறுந்துவிட்டது.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் நானே மேஜையைக் காலி செய்துவிட்டேன். போகும்போது அந்தப் பக்கத்தை ஒரு பிரதி அச்செடுத்து எடுத்துக்கொண்டேன். மதுரைக்காரர் வந்து மாற்றுகிற வரைக்கும் நாலைந்து நாள் என் வரி அங்கே இருந்ததாம். பிறகு எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பஸ்ஸில் எனக்கு உட்கார முடியவில்லை. அப்படி ஒரு படபடப்பு. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி என் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் கல்யாணமாகி, தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் ரவிக்கை தைத்துக்கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். மெஷினில் உட்கார்ந்திருந்தவள் முன்னால் தாளை விரித்தேன்.

“படி. மொத வரியப் படி.”

படித்தாள். இரண்டு தடவை படித்தாள். “சேப்புலயா போட்ட?” என்றாள்.

“சேப்புலதான்! மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன் ஏட்டி. அந்த மனுசன் எந்த லேபிள்னு கேக்காரு. எந்த லேபிளாம்! மறந்துட்டாராம்! உன் பொழப்பையே கெடுத்துட்டு, மறந்துட்டாராம்!”

நான் கத்திக்கொண்டே இருந்தேன். அவள் குனிந்து மெஷின் டிராயரை இழுத்தாள். நூல்கண்டு, பொத்தான் டப்பா எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மஞ்சளித்துப்போன தாள். அடுப்படித் தட்டில் விரிப்பதற்காக ஓரம் கத்தரித்திருந்தது. டப்பா வைத்த எண்ணெய் வட்டம் நடுவில். அதற்கு மேலே கிருமி நீக்கப்பட்டது இல்லை என்ற வரி, அதன்மேல் ஒரு கோடு. ஊதா மை.

“அந்த வருசப் பொங்கலுக்குத் தட்டு தொடச்சேன்லக்கா” என்றாள். “அப்ப கெடச்சுது.”

“அவருதான் ஏட்டி அடிக்கச் சொன்னாரு” என்றேன்.

“தெரியும். சொன்னவருக்கு மறந்துபோச்சுன்னு இம்புட்டுக் கோவப்படுத. உனக்கு மறக்கலேல்ல?” அவள் சத்தம் போடவே இல்லை. “நீயா ஒரு நாளாச்சும் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மடித்து என் கையில் கொடுத்தாள். “நீயே வச்சுக்க” என்றாள். பிறகு பாதியில் நின்ற ரவிக்கையை ஊசிக்கடியில் தள்ளி, மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.